உழைப்புக்கேற்ற கூலி என்றொரு நம்பிக்கை

உழைத்தால் உயரலாம் என்பதை நம் வீடுகளில் யாரும் வாதிட்டு நிறுவுவதில்லை. பிள்ளைக்குச் சோறு போடும்போதே சொல்லிவிடுகிறோம். பள்ளி ஆண்டுவிழா, பட்டமளிப்பு விழா, தொழிலதிபரின் பேட்டி என்று எந்த மேடையானாலும் அதே பல்லவிதான். பிள்ளை வளர்க்க இது நல்ல வாக்கியம். அதோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் அதைத் திருப்பிப் போட்டால் வேறொன்று கிடைக்கிறது: உயரவில்லையென்றால் ஒழுங்காக உழைக்கவில்லை. முதலாவதை வாய்விட்டுச் சொல்கிறோம், இரண்டாவதைச் சொல்லாமலே நம்புகிறோம். கூலி உயர்வு கேட்டு யாராவது சாலையில் உட்கார்ந்தால் நமக்கு எரிச்சல் வருவதற்கு இந்த இரண்டாவது நம்பிக்கையும் ஒரு காரணம். இது எவ்வளவு தூரம் உண்மை என்று பார்க்க, உழைப்பை எடைபோட்டே கூலி தருகிற ஒரு தொழிலை எடுத்துக்கொள்வது நல்லது. அலுவலகத்தில் யார் எவ்வளவு உழைத்தார் என்பதில் ஆயிரம் வழக்கு வரும். தேயிலைத் தோட்டத்தில் அந்தக் குழப்பம் இல்லை. அங்கே ஒரு நாள் உழைப்பு தராசில் ஏறி கிலோவாக நிற்கிறது.

இலங்கை மலையகத்தில் கொழுந்து பறிக்கும் பெண் காலையில் பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டு மலை ஏறுகிறாள். இடுப்பில் படங்கு, முதுகில் கூடை. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிக் கை நிறைந்ததும் தோளுக்குப் பின்னால் எறிய வேண்டும். முற்றிய இலை கலந்தால் ஏச்சு. மழை பெய்தாலும் காலில் அட்டை ஏறினாலும் கை நிற்கக் கூடாது. தோட்டம் நிர்ணயித்த அளவு, பெரும்பாலும் 18 அல்லது 20 கிலோ, பறித்தால் முழுப்பேர். எட்டவில்லையென்றால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். நிறுக்கிற இடத்தில் சாக்குக்கு, இலையில் ஒட்டிய ஈரத்துக்கு என்று சில கிலோவைக் கழித்துவிட்டுத்தான் எழுதுவார்கள். கழிப்பதைக் கேட்க அவளுக்கு நேரமுமில்லை, பின்னால் வரிசை நிற்கிறது. இருந்தாலும், எவ்வளவு பறிக்கிறாயோ அவ்வளவு கூலி என்கிற இந்த ஏற்பாடு மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமாகவே தெரியும். ஆனால் 2021 ஏப்ரலில் இலங்கை அரசு ரசாயன உரத்துக்குத் தடை போட்டது. செடி தளிர்ப்பது குறைந்தது. அதே ஏற்றம், அதே எட்டு மணி நேரம், அதே விரல்கள். கூடையில் விழுந்த கொழுந்து மட்டும் குறைவு. தராசு அவளுடைய உழைப்பை மட்டும் நிறுக்கவில்லை. செடியின் வயதையும், மலையின் சரிவையும், கொழும்பில் யாரோ போட்ட கையெழுத்தையும் சேர்த்தே நிறுத்தது. அரைப்பேர் விழுந்தது மட்டும் அவள் கணக்கில்.

சம்பளத்தின் கதை இன்னும் தெளிவானது. நாளுக்கு 1,000 ரூபாய் வேண்டும் என்று 2015 வாக்கில் எழுந்த கோரிக்கை 2021 மார்ச்சில்தான் நிறைவேறியது. 900 ரூபாய் அடிப்படைச் சம்பளம், 100 ரூபாய் படி. அப்போது ஒரு டாலர் ஏறத்தாழ 200 இலங்கை ரூபாய் என்பதால், அது 5 டாலர். அடுத்த ஆண்டே நாடு திவாலாகி, 2022 மே மாதத்தில் டாலர் 360 ரூபாயைத் தொட்டபோது அதே 1,000 ரூபாய் 3 டாலருக்கும் கீழே இறங்கிவிட்டது. அரிசியும் கோதுமை மாவும் மண்ணெண்ணெயும் எட்டாத விலைக்குப் போயின. ஏற்றுமதியான தேயிலைக்கோ டாலர் வந்துகொண்டிருந்தது. ரூபாய் சரிந்ததால் கொழும்பு ஏலத்தில் தேயிலையின் ரூபாய் விலை ஏறவே செய்தது. பறித்தவளின் கூலி பாதியாகக் கரைந்த அந்த ஆண்டில் அவள் சோம்பேறியாகிவிட்டாள் என்று யாராவது சொல்ல முடியுமா? அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாய் ஆவதற்கு 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் வர்த்தமானி, நீதிமன்றம், பேச்சுவார்த்தை என்று இழுபறிக்குப் பிறகு.

கொஞ்சம் பின்னால் போவோம். 1984 வரைக்கும் இலங்கைத் தோட்டங்களில் ஆணுக்கு ஒரு நாட்கூலி, பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த கூலி. கவ்வாத்து வெட்டுவது போன்ற ஆண்களின் வேலை மதியத்தோடு முடிந்துவிடும். கொழுந்துக்காரி மாலை வரை மலையில் நிற்பாள். உழைப்புக்குத்தான் கூலி என்றால் அவளுக்கல்லவா கூடுதலாகக் கிடைத்திருக்க வேண்டும்? அந்த ஆண்டு நடந்த வேலைநிறுத்தத்துக்குப் பிறகுதான் இருவருக்கும் ஒரே கூலி என்றானது. வேலைநிறுத்தத்துக்கு முந்தின நாளும் பிந்தின நாளும் அவள் பறித்தது ஒரே கொழுந்துதான். இந்தக் கூலி மாற்றம் ஏன் 1984-இல் முடிந்தது, 1954-இல் முடியவில்லை என்று கேட்டால், பதில் தேயிலைச் செடியில் இல்லை. 1948-இல் வந்த குடியுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டு வந்த தேர்தல் சட்டத் திருத்தமும் இந்திய வம்சாவளியினரான மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கி, அவர்களிடமிருந்த ஓட்டைப் பறித்தன. நாட்டுக்கு அதிக அந்நியச் செலாவணி ஈட்டிய பயிரை வளர்த்தவர்கள் நாட்டில் எண்ணிக்கைக்குள் வராதவர்களானார்கள். 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மிச்சமிருந்த 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவைத்தார்கள். பங்கு பிரிக்கப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. 1970-களின் கடைசியில் தோட்டத் தொழிலாளர் சங்கத் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் மீண்டும் நாடாளுமன்றத்துக்கும், பிறகு அமைச்சரவைக்கும் போனார். அப்புறம்தான் வேலைநிறுத்தம் என்ற சொல்லுக்குக் கொழும்பில் காது கிடைத்தது. ஓட்டில்லாதவள் பறித்த கொழுந்தும் ஓட்டுள்ளவள் பறித்த கொழுந்தும் தொழிற்சாலையில் ஒன்றாகத்தான் வாடுகின்றன. கூலிதான் வேறாக இருந்தது.

இலங்கையின் பிரத்தியேகத் துயரம் இது என்று ஒதுக்கிவிட முடியாது. ஜனநாயகமும் தொழிற்சங்கமும் வேரோடியிருக்கிற கேரளத்துக்கு வாருங்கள். 2015-இல் மூணாறில் தேயிலைத் தொழிலாளியின் நாட்கூலி 232 ரூபாய். அதே மாநிலத்தில் கட்டட வேலைக்குப் போகிறவர் அதைப்போல் இரு மடங்குக்கு மேல் வாங்கிக்கொண்டிருந்தார். அப்படியானால் தோட்டத்தைவிட்டுக் கட்டட வேலைக்கு வந்துவிடலாமே என்று தோன்றும். வர முடியாது. குடியிருக்கும் லயம் தோட்டத்துக்குச் சொந்தம். வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும். அந்த ஆண்டு போனஸை 20 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைத்தபோது, பெரும்பாலும் தமிழர்களான பெண்கள் பெம்பிளை ஒருமை என்ற பெயரில் திரண்டு செப்டம்பரில் சாலையை மறித்தார்கள். பல காலமாகத் தங்கள் பெயரால் பேசிவந்த சங்கத் தலைவர்களையே கூட்டத்திலிருந்து விரட்டினார்கள். போனஸும் கருணைத்தொகையுமாகச் சேர்த்து 20 சதவீதம் திரும்பக் கிடைத்தது. அடுத்த மாதம் கூலி 301 ரூபாய் ஆனது. அதோடு அன்றாடம் பறிக்க வேண்டிய அளவையும் 21 கிலோவிலிருந்து 25 கிலோவாக உயர்த்திவிட்டார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். நிர்வாகங்கள் வலது கையால் கொடுத்ததை இடது கையால் கேட்டு வாங்கும் வித்தை தெரிந்தவை. ஆனாலும் பல பத்தாண்டுகள் குனிந்து பறித்ததால் வராத 69 ரூபாய், ஒன்பது நாள் நிமிர்ந்து நின்றதால் தொடங்கிய பேச்சில் வந்தது.

ஆகவே என் வாதம் இதுதான். கூலி என்பது ஒருவர் எவ்வளவு பாடுபட்டார் என்பதற்குக் கிடைக்கும் பரிசாக எங்கும் இருந்ததில்லை. கொடுக்கிற கூலி போதாது என்று அவரால் மறுக்க முடியுமா, மறுத்துவிட்டுச் சில நாளாவது சாப்பிட முடியுமா என்பதே அதைத் தீர்மானிக்கிறது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் இதைச் சோதித்துப் பார்த்த அனுபவமே இருக்கிறது. 2005-இல் நிறைவேறிய சட்டத்தின்படி நூறு நாள் வேலை வந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் அதில் ஒரே கூலி. தமிழ்நாட்டில் அந்த வேலைக்குப் போனவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். 2024-25-இல் அந்தக் கூலி 319 ரூபாய். அது வந்த நாளிலிருந்து நிலம் வைத்திருப்பவர்கள் சொன்ன புகார் ஒன்றுதான்: களையெடுக்க ஆள் கிடைக்கவில்லை, கிடைத்தாலும் கேட்கிற கூலி கட்டுப்படியாகவில்லை. மரத்தடியில் உட்கார்ந்துவிட்டு வருவதற்கு அரசாங்கம் காசு கொடுக்கிறது என்ற கேலியும் கூடவே வந்தது. சில இடங்களில் உட்கார்ந்திருக்கலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தப் புகாரையே சாட்சியாக எடுத்துக்கொள்ளுங்கள். களையெடுக்கும் பெண் முன்பைவிடக் கடுமையாக உழைக்கத் தொடங்கியதால் கூலி கூடவில்லை. உன் கூலிக்கு வரமாட்டேன் என்று சொல்ல அவளுக்கு வேறோர் இடம் கிடைத்தது, கூடியது. புகார் சொன்ன சிறு விவசாயியின் நிலையும் இதே கணக்குக்குள்தான் வருகிறது என்பதைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். விலை விழுந்த அன்று தக்காளியைச் சாலையில் கொட்டுகிறாரே, அவருக்கும் சரக்கை வைத்துக்கொண்டு மறுக்க வழியில்லை.

இதற்கு வரும் முதல் மறுப்பு படித்தவர்களிடமிருந்து வரும். கூலி உழைப்புக்கு அல்ல, திறமைக்கு; கொழுந்து பறிக்க யாராலும் முடியும், மென்பொருள் எழுத எல்லோராலும் முடியாது என்பார்கள். முதலில், கொழுந்து பறிக்க யாராலும் முடியும் என்பதை ஒரு நாள் பறித்துப் பார்த்துவிட்டுச் சொல்வது நல்லது. போகட்டும், திறமைக்கே வருவோம். புதுக்கோட்டையிலிருந்து சிங்கப்பூருக்குப் போகிற கொத்தனார் இங்கே வாங்கியதைப்போல் பல மடங்கு அங்கே வாங்குகிறார். விமானத்தில் உட்கார்ந்திருந்த நான்கு மணி நேரத்தில் அவருடைய திறமை பல மடங்கு ஆகிவிடவில்லை. கரணை பிடிக்கும் கை அதே கைதான். அங்கேயே பிறந்த ஒருவர் அவரைவிடக் கூடுதலாக வாங்குவதற்கும் கையில் இருக்கும் கடவுச்சீட்டுதான் பெரும்பாலும் காரணம். திறமைக்கு மதிப்பில்லை என்று நான் சொல்லவில்லை. எந்தத் திறமைக்கு எங்கே என்ன விலை என்பதைத் திறமைசாலி தீர்மானிப்பதில்லை என்கிறேன். சந்தைப் பொருளாதாரத்தின் மிகப் பெரிய வக்கீல்களில் ஒருவரான ஃபிரெட்ரிக் ஹாயெக்கே இதை ஒப்புக்கொண்டவர். நோபல் பரிசு பெற்ற அவர் 1960-இல் எழுதிய தி கான்ஸ்டிடியூஷன் ஆஃப் லிபர்ட்டி நூலில், சந்தை தரும் வெகுமதி ஒருவருடைய தகுதிக்கோ உழைப்புக்கோ ஏற்றதாக இருக்காது, இருக்க வேண்டியதும் இல்லை, பிறருக்கு அவர் வேலை எவ்வளவு பயன் என்பதையே அது காட்டும் என்று வாதிட்டார். அவருடைய முடிவுகள் பலவற்றை நான் ஏற்கவில்லை, ஆனால் இந்த நேர்மை பிடித்திருக்கிறது. சந்தையை நம்புகிறவர்கள் அவரளவுக்காவது நேர்மையாக இருந்தால், ஏழையிடம் போய் உன் வறுமைக்கு உன் சோம்பல்தான் காரணம் என்று சொல்வதை நிறுத்திவிடுவார்கள்.

இரண்டாவது மறுப்பு முதலாளி தரப்பிலிருந்து வருவது. அதில் நியாயமும் உண்டு. தோட்ட உற்பத்திச் செலவில் பாதிக்கு மேல் கூலிக்கே போகிறது, தேயிலை விலையை நாங்களா போடுகிறோம், ஏலம் போடுகிறது, கூலியை இன்னும் ஏற்றினால் தோட்டத்தை மூட வேண்டியதுதான் என்கிறார்கள். ஒரு கம்பெனி நினைத்தபடியெல்லாம் கூலி கொடுத்துவிட முடியாது என்பது உண்மை. எல்லா முதலாளியும் கொடியவர் என்பது என் வாதமும் அல்ல. ஆனால் இலங்கைத் தேயிலையில் 70 சதவீதத்துக்கு மேல் இன்று சிறு தோட்டக்காரர்களிடமிருந்து வருகிறது. அதே ஏலம், அதே உலக விலை. அவர்கள் பெரும் பணக்காரர்கள் இல்லை. ஆனால் செடி அவர்களுடையது, விலை நன்றாக இருக்கும் மாதத்தில் அந்த நன்மை அவர்கள் வீட்டுக்கும் வருகிறது. பல தலைமுறையாக அதே மலையில் பறித்த தோட்டத் தொழிலாளிக்கு ஒரு செடிகூடச் சொந்தமில்லாததால், விலை ஏறினால் கம்பெனிக்கு, இறங்கினால் தனக்கு என்று ஆகிவிடுகிறது. வெள்ளைக்காரன் காலத்து லயங்களில் இன்றும் குடும்பங்கள் நெருக்கியடித்துக் கொண்டிருந்தால்தான் ஒரு தொழில் பிழைக்கும் என்றால், அந்தத் தொழிலின் வரவுசெலவுக் கணக்கில் எழுதாமல் விட்ட செலவு ஏதோ இருக்கிறது.

மூன்றாவது மறுப்பைத்தான் நான் மதிக்கிறேன். சுற்றிலும் பாருங்கள், கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் படித்து இன்ஜினியராகி, நர்ஸாகி, ஆசிரியராகி எழுந்திருக்கிறார்களே, அது உழைப்பின் பலன் இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. பலன்தான். 2021-22 கணக்கெடுப்பில் உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் இந்தியா முழுவதற்கும் 28.4 சதவீதமாக இருந்தபோது தமிழ்நாட்டில் 47 சதவீதம். இந்தப் பிள்ளைகள் இரவெல்லாம் கண்விழித்துப் படித்தவர்கள்; அதைக் குறைத்துச் சொல்லப் போவதில்லை. ஆனால் இவர்களுடைய பாட்டி, வயலில் நாற்று நட்டவள், இவர்களைவிடக் குறைவாகவா உழைத்தாள்? அவள் உழைப்பு ஏன் அவளை எங்கும் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை? நடந்துபோகும் தூரத்தில் பள்ளிக்கூடம், 1956-இல் காமராஜர் தொடங்கிய மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவு, இலவசப் பேருந்துப் பயண அட்டை, 69 சதவீத இடஒதுக்கீடு, குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை. பாட்டிக்கும் பேத்திக்கும் நடுவில் வந்தவை இவை. பேத்தியின் உழைப்பு பலிப்பதற்கு ஊர் கூடி வழி போட்டது. அப்படி வந்தவர்களில் சிலரே இன்று இலவசங்களால் நாடு கெட்டது என்று வாட்ஸாப்பில் செய்தி தட்டிவிடுவதைப் பார்க்கையில் சிரிப்புத்தான் வருகிறது.

மறுக்கவே முடியாதவரின் உழைப்புக்கு என்ன விலை என்று பார்க்க வீட்டுக்குள் திரும்பினாலே போதும். 2019-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுவதாகச் சொன்னது. ஐந்து மணி நேர வேலை, கூலி சுழியம். 2023 செப்டம்பரில் தமிழக அரசு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கி அதற்கு மகளிர் உரிமைத் தொகை என்று பெயர் வைத்தது. ஐந்து மணி நேரத்தை முப்பதால் பெருக்கி, அந்த 1,000 ரூபாயை வகுத்துப் பாருங்கள்; மணிக்கு 7 ரூபாய்கூட வராது. அதையும் தேர்தல் லஞ்சம் என்று சொல்பவர்கள், அந்த ஐந்து மணி நேரத்தை யார் கணக்கில் எழுதுவது என்பதைச் சொல்வதில்லை.

இப்படியெல்லாம் பேசினால் இளைஞர்கள் முயற்சியைக் கைவிட்டுவிடுவார்கள் என்று கவலைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். வள்ளுவருக்கு அந்தக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. ஆள்வினையுடைமைக்கு ஓர் அதிகாரம் எழுதியவர் ஊழுக்கும் ஓர் அதிகாரம் எழுதினார். மேடைப் பேச்சாளர்கள்தான் முதலாவதை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள். ஊழ் என்று அன்றைக்குச் சொன்னதில் ஒரு பகுதிக்கு இன்று நம்மால் பெயர் சொல்ல முடிகிறது: நிலம் யாருடையது, ஓட்டு யாருக்கு உண்டு, பிறந்த சாதி எது, பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், வேலையை விட்டால் வீடு இருக்குமா. மனிதர்கள் போட்ட சட்டங்கள் என்பதால் இவற்றை மனிதர்களால் மாற்றவும் முடிந்திருக்கிறது. முயற்சி வேண்டும், சந்தேகமில்லை. முயன்றும் மேலே வராத அப்பனைப் பிள்ளை ஏளனமாகப் பார்க்கக் கற்றுக்கொடுக்கும் பாடம்தான் வேண்டாம்.

கொரோனா நாட்களில் தூய்மைப் பணியாளர்களை முன்களப் பணியாளர்கள் என்று கைதட்டிப் போற்றினோம். 2025 ஆகஸ்டில் சென்னையில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணி தனியாரிடம் போனபோது, வாங்கிவந்த சம்பளம் குறைந்துவிடும் என்று அஞ்சிய அவர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்தார்கள். பதின்மூன்றாம் நாள் நள்ளிரவில் போலீஸ் வந்து அப்புறப்படுத்தியது. துடைப்பமும் தெருவும் குப்பையும் மாறவில்லை. அவர்கள் பெயர் யாருடைய பதிவேட்டில் இருக்கிறது என்பது மட்டுமே மாறியது. நிரந்தர ஊழியர் செய்யும் அதே வேலையை அரசுக்குச் செய்கிற தற்காலிக ஊழியர், அந்த ஊதிய விகிதத்தின் ஆரம்பச் சம்பளத்தையாவது பெற உரிமையுள்ளவர் என்று 2016 அக்டோபரில் பஞ்சாப் அரசு ஊழியர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. ஆனால் ஒப்பந்ததாரர் ஒருவரை நடுவில் நிறுத்திவிட்டால் இவர் எங்கள் ஊழியரே இல்லை என்று அரசு சொல்லிக்கொள்ள முடிகிறது. உங்கள் தெருவைக் கூட்ட வருகிறவர் யாரிடம் சம்பளம் வாங்குகிறார், எவ்வளவு வாங்குகிறார், அவர் பக்கத்துத் தெருவில் அதே வேலையைச் செய்யும் நிரந்தரப் பணியாளருக்கு எவ்வளவு என்று உங்கள் வார்டு கவுன்சிலரிடம் ஒருமுறை கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள், கட்டணம் 10 ரூபாய்தான்.